இடைவேளைக்கு முந்தின ஓட்டம்

இன்னைக்கு அந்தப் பிள்ளை ஓடாது. ஓட விட மாட்டேன். பத்தரைக்கு வரச் சொன்னாங்க, இப்ப பதினொண்ணு பத்து, ஏசி நேரா உச்சந்தலையில ஊதுது, தயாரிப்பாளர் ஞானதிரவியம் சார் கதவுக்கு அந்தப் பக்கம் போன்ல யார்கிட்டயோ சிரிச்சுக்கிட்டு இருக்காரு. சிரிக்கட்டும். சிரிக்கிற மனுஷன்கிட்ட கதை சொல்றது நல்லதுதான், ஆனா ரொம்பச் சிரிச்சு முடிச்சவர்கிட்ட சொல்லக் கூடாது, களைச்சுப் போயிருப்பாரு. மேனேஜர் ஹரிகிருஷ்ணன் ரெண்டு தடவை எட்டிப் பார்த்துட்டுப் போயிட்டான். ரெண்டாவது தடவை பக்கத்துல குனிஞ்சு, அக்கா, பிள்ளை பஸ் பின்னாடி ஓடுற சீன் வர்றப்ப மட்டும் நிறுத்தி நிதானமா சொல்லுங்க, சார் அதுக்குத்தான் உக்காந்திருக்காரு, மேடமும் அந்த ஒரு சீனைக் கேட்டுத்தான் தேதி குடுத்திருக்காங்கன்னான். மேடம்னா அம்மாவா நடிக்கப் போற நடிகை. போன மாசம் ஒரு டப்பிங் ஸ்டூடியோ வாசல்ல, அவங்க கார் வர்ற வரைக்கும் கிடைச்ச எட்டு நிமிஷத்துல, அந்த ஒரு சீனைத்தான் சொன்னேன். கண்ணைத் துடைச்சுட்டு, இந்த அம்மா கேரக்டரை வேற யாருக்கும் சொல்லிடாதீங்கன்னு என் கையைப் பிடிச்சாங்க. சினிமாவுக்கு வந்த பதினெட்டு வருஷத்துல எனக்குக் கிடைச்ச ஒரே பிடி அதுதான். அந்தச் சீனைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறதில்லை. செண்பகவல்லி, கேட்டுக்கோ, உன் வாய் தானா அங்க போகும், போனாலும் சொல்லக் கூடாது.

நம்ம சினிமாவுல யாரும் கதையைப் படிக்க மாட்டாங்க. நூத்து நாப்பது பக்கம், பைண்டு போட்டு என் மடியில இருக்கு. இதை நீட்டினா வாங்கி டீப்பாய்ல வெச்சுட்டு, அது கிடக்கட்டும், நீ சொல்லும்மா கேப்போம்பாங்க. ரெண்டரை மணி நேரப் படத்தை ரெண்டரை மணி நேரம் உக்காந்து வாயாலயே ஓட்டிக் காட்டணும். பாட்டு வர்ற இடம், கதவு கிறீச்சுன்னு திறக்கிற சத்தம், பின்னணி இசை வரைக்கும் வாய்தான். எழுதத் தெரிஞ்சு சொல்லத் தெரியாதவன் எத்தனை பேரு இந்த வளசரவாக்கத்துல ரூம் எடுத்துத் தங்கியிருந்து, பெட்டியைக் கட்டிக்கிட்டு ஊர் போய்ச் சேர்ந்தான். எனக்குச் சொல்லத் தெரியும். அதுதான் என் பொழைப்பு, என்னைக் கெடுத்ததும் அதுதான். நாலு டைரக்டர்கிட்ட இணை இயக்குநரா இருந்திருக்கேன். நாலு பேரும் கதை சொல்லணும்னா என்னைத்தான் கூட்டிட்டுப் போவாங்க. ஒருத்தருக்குத் திக்கும், இன்னொருத்தர் கிளைமாக்ஸை முதல் பத்து நிமிஷத்துலயே உளறிக் கொட்டிடுவாரு. நான் சொல்லி ஓகே வாங்கின படம் ஆறு. ஆறுலயும் என் பேரு கடைசியில, ஜனங்க சீட்டுக்கு அடியில செருப்பைத் தேடுற நேரத்துல, கூட்டத்தோட கூட்டமா ஏறிப் போகும். எப்படிச் சொல்றேன்னா, மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல மாட்டேன். தயாரிப்பாளருங்க மூஞ்சி பழகின மூஞ்சி, ஒரு மண்ணும் காட்டாது. காலைப் பார்ப்பேன். கால் மேல கால் போட்டு மேல் காலை ஆட்டிக்கிட்டே கேப்பாங்க. கதை உள்ள இறங்கிடுச்சுன்னா ஆட்டம் தன்னால நிக்கும். நிக்கலைன்னா நான் அங்கயே, சொல்லிக்கிட்டு இருக்கிறப்பவே, எதையாவது சேப்பேன். ஒரு நாயை விடுவேன், இல்ல ஒரு அறை, இல்ல ஒரு கடுதாசி. கால் நிக்கிற வரைக்கும் சேப்பேன். எந்த இடத்துல எதைச் சேத்தா நின்னுச்சோ அது அன்னையிலருந்து கதையில நிரந்தரம். எழுத்துல கூட ஏத்திடுவேன். எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க, இதுல என்ன பாவம்னுதான் இன்னைக்குக் காலையில வரைக்கும் இருந்தேன்.

இந்தக் கதையை முதல்ல சொன்னது எட்டு வருஷத்துக்கு முந்தி, கோடம்பாக்கத்துல ஒரு மாடி ஆபீஸ்ல. அன்னைக்கு அது எவ்வளவு சின்னக் கதையா இருந்துச்சு. கோவில்பட்டியில ஒரு வீடு, ஒன்பது பேர், சமைக்கிறது ஒருத்தி. ஒரு நாள் மத்தியானம் அவ யார்கிட்டயும் சொல்லாம பஸ் ஏறிப் போறா. பன்னெண்டு வயசு மக அதைப் பார்த்துடுறா. பதினோரு நாள் கழிச்சு அவளே திரும்பி வர்றா. எங்க அம்மா, நான், எங்க வீடு. அவ்வளவுதான். அந்தத் தயாரிப்பாளர் காலை ஆட்டிக்கிட்டே, சரிம்மா, அவ ஏன் போறான்னு கேட்டாரு. நாலாவது தடவை சொல்றப்ப அப்பாவைக் குடிகாரனாக்கிட்டேன். கால் நின்னுச்சு. எங்க அப்பா மில்லுல ஃபிட்டரு, வேலை விட்டா வீடு, வீடு விட்டா வேலை, டீ கூட வெளியில குடிக்க மாட்டாரு. ஏழாவது தடவை அவரு அம்மாவை அடிச்சாரு. ஒன்பதாவது தடவை ரேடியோவைப் போட்டு உடைச்சாரு. எங்க வீட்டுல ரேடியோவே கிடையாது. அப்பா செத்து ஆறு வருஷமாச்சு. கொள்ளி வெச்சுட்டு வந்து பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாளே இன்னொரு ஆபீஸ்ல உக்காந்து அந்த மனுஷனைக் குடிக்க வெச்சுக்கிட்டு இருந்தேன். வெக்கமா இருக்கு. இப்ப இந்த சோபாவுல உக்காந்து நினைக்கிறப்ப மூஞ்சி சுடுது. அப்பவும் வெக்கம் இருந்துச்சு, ஆனா கால் நின்ன சந்தோஷத்துல அது தெரியலை.

ஓட்டம் வந்தது பன்னெண்டாவது தடவை. இடைவேளை சப்பையா இருக்கு, ஜனம் வெளியில போய்ப் பாப்கார்ன் வாங்குறப்ப தொண்டையில ஏதாவது நிக்க வேண்டாமான்னாரு ஒருத்தரு. உடனே, யோசிக்கக் கூட இல்லை, பஸ் நகருது சார், பிள்ளை பார்க்குது சார், ஓடுது, அம்மா அம்மான்னு கத்திக்கிட்டே ஓடுது, செருப்பு ஒண்ணு கழண்டு போகுது, விழுந்து முட்டி கிழியுது, எழுந்திருச்சு மறுபடி ஓடுது, கண்டக்டர் விசில் அடிக்கிறான், பஸ் நிக்குது, அம்மா இறங்குறா, பிள்ளையைப் பார்க்குறா, இன்டர்வல். அந்த ஆளுக்கு ரெண்டு காலும் தரையில ஊணிக்கிச்சு. எனக்கே புல்லரிச்சுப் போச்சு. அதுக்கப்புறம் முப்பத்தொண்ணாவது தடவை வரைக்கும் அந்த இடம் தப்பினதே இல்லை. எத்தனை பேரு அழுதிருக்காங்க. ஒரு தடவை பூஜை தேதி வரைக்கும் போய் நின்னுச்சு, பொம்பளையை மையமா வெச்ச படம் யாரு பார்ப்பான்னு கடைசியில கைவிட்டாங்க. அது வேற. நான் சொல்ல வந்தது இது. எந்தத் தடவையிலன்னு தெரியலை, பதினெட்டா இருபதா, அந்த ஓட்டம் நடந்ததாயிடுச்சு. சொல்றப்ப என் உள்ளங்கால்ல தார் ரோடு சுடும். இடது முட்டியில ஒரு தழும்பு இருக்கு, அதைத் தடவிக்கிட்டே சொல்வேன். மழைக்காலத்துல அங்க வலிக்கும், அன்னைக்கு விழுந்ததுதான்னு நானே நினைச்சுக்குவேன். இப்பவும் சேலைக்கு மேல கை அங்கதான் கிடக்குது. எடு கையை. அது சைக்கிள் பழகுறப்ப விழுந்தது. சைக்கிளா? சைக்கிள்தான். இல்ல, சைக்கிள்ல வலது முட்டியா? பாரு, இதுக்குத்தான் கோவம் வருது. என் உடம்புல இருக்கிற தழும்பு எதுனால வந்துச்சுன்னு எனக்கே தெரியாமப் போச்சு.

அம்மா என்கூட வந்து ரெண்டு வருஷமாகுது. சாலிகிராமத்துல ஒரு ஹால், ஒரு பெட்ரூம். நான் ஹால்ல நடந்துக்கிட்டே சொல்லிப் பார்ப்பேன், அவ அடுப்படியில இருப்பா. வேற டைரக்டருங்க கதைன்னா காது குடுக்க மாட்டா, ஏதோ பொம்பள பேய் பிடிச்ச மாதிரி தனியாப் பேசுதாளேன்னு கீழ் வீட்டுக்காரி கேட்டா, நான் என்னத்தச் சொல்லன்னு நக்கல் பண்ணுவா. இந்தக் கதையை மட்டும் அவ வந்த நாள்லயிருந்து வீட்டுல சத்தமா சொன்னதே இல்லை. இன்னைக்குக் காலையில ஆறரைக்குச் சொல்லிட்டேன். பயத்துல. இங்க வந்து சறுக்கிடக் கூடாதேங்கிற பயத்துல, அவ குளிக்கப் போயிட்டான்னு நினைச்சுக்கிட்டு, சுவத்தைப் பார்த்து, பஸ் நகருது, பிள்ளை ஓடுதுன்னு கைய நீட்டி. திரும்பினா கதவுப் பக்கத்துல ஈரத்தலையில துண்டைச் சுத்திக்கிட்டு நிக்கா. எவ்வளவு நேரமா நின்னாளோ. அப்பா குடிச்சதையும் கேட்டிருப்பா. ரேடியோவையும் கேட்டிருப்பா. அதைப்பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. நீ ஓடலையேட்டின்னா. சாதாரணமாத்தான் சொன்னா, பால் பொங்கிருச்சுங்கிற மாதிரி. அப்புறம் இன்னொண்ணும் சொன்னா. அதை இப்ப நினைக்க வேண்டாம். உள்ள போறதுக்கு முந்தி அதை நினைச்சா நான் உருப்பட மாட்டேன்.

டீ வந்துச்சு. கொண்டு வந்த ஆயாம்மா சர்க்கரை கம்மியான்னு கேட்டாங்க, எதுவா இருந்தாலும் சரிம்மான்னேன். சுவத்துல பைபிள் வசனம் போட்ட காலண்டரு, கீழ சாரோட மூணு படம் ஃப்ரேம் போட்டு. மூணும் ஓடின படம். நாலாவது என்னுதா இருக்கும். இருக்கலாம். நாப்பத்தொண்ணு முடியப் போகுது எனக்கு. இந்த வாய்ப்பு போச்சுன்னா மேடமும் போயிடுவாங்க, அப்புறம் எவன் என்னை உள்ள விடுவான், மறுபடி யாராவது திக்குவாய் டைரக்டருக்கு நான் வாய் வாடகைக்கு விடணும். அப்ப எதுக்குடி இந்த வீம்பு? ஓட விட்டுடேன். கதைன்னா பொய்தானே. நடந்ததை நடந்த மாதிரி சொல்லணும்னா போலீஸ் ஸ்டேஷன்ல போய்ச் சொல்லு. அந்தப் பிள்ளை ஓடினா யாருக்கு என்ன நட்டம்? இப்படித்தான் வந்ததுலயிருந்து ஒரு குரல் நச்சரிச்சுக்கிட்டு இருக்கு. அது கெட்டிக்காரக் குரல், ஆறு படத்துக்கு ஓகே வாங்கின குரல். நட்டம் யாருக்குன்னு அதுக்கும் தெரியும். படம் வந்தா முதல் நாள் அம்மாவை என் பக்கத்துல உக்கார வெப்பேன். வெக்காம இருப்பேனா. ஸ்கிரீன்ல பிள்ளை ஓடும், பஸ் நிக்கும், அம்மா இறங்குவா, தியேட்டர் கை தட்டும். பக்கத்து சீட்டுல இருக்கிறவ அதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பா. கைதட்டு முடியிற வரைக்கும் அவ பக்கம் திரும்ப என்னால முடியுமா. முடியாது. அதான்.

என்ன நடந்துச்சுன்னு ஒழுங்கா நினைச்சுப் பாரு, வல்லி, சேக்காம நினைச்சுப் பாரு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துட்டு ஸ்கூலுக்குத் திரும்பிப் போறேன். சாப்பாட்டுத் தட்டை வெச்சது சித்தி, அம்மா இல்லை, அதைக் கூட நான் கேக்கலை. பஸ் ஸ்டாண்டு வழியா குறுக்கே போவோம். சைக்கிள் ஸ்டாண்டு ஓரமா வர்றப்ப தூத்துக்குடி பஸ் நிக்குது, டிரைவர் சீட்டுல ஆள் இல்லை. மூணாவது ஜன்னல்ல அம்மா. மூணாவதா நாலாவதா, அதை விடு. மடியில ஒரு துணிப்பை, பை மேல ரெண்டு கையும். நான் நின்னுட்டேன். எனக்கு அழுகை வரலை. பயமும் வரலை. அதுதான் உண்மை, அதைத்தான் இத்தனை வருஷமா மூடி மூடி வெச்சிருக்கேன். எனக்கு அவளைப் பார்க்க நல்லா இருந்துச்சு. ஏன்னா அவ உக்காந்திருந்தா. அந்த நேரத்துல அம்மா உக்காந்து நான் பார்த்ததே இல்லை. மில் ஷிப்டு மாறி மாறி வரும், சித்தப்பா ரெண்டு பேருக்கும் தனித்தனி நேரம், ஒன்பது தட்டு, காலையில எழுந்திருக்கிறப்பவும் நின்னுக்கிட்டுதான் இருப்பா, நான் படுக்கிறப்பவும் நின்னுக்கிட்டுதான் இருப்பா. சும்மா, கையில கரண்டி இல்லாம, பூண்டு உரிக்காம, ஜன்னல் ஓரத்துல, காத்து முடியில பட, உக்காந்திருந்தா. கூப்பிட்டா எழுந்திருச்சிருவாளேன்னு இருந்துச்சு எனக்கு. அதனால கூப்பிடலை. அவ என்னைப் பார்த்தா. நானும் பார்த்தேன். டிரைவர் வந்து ஏறினாரு. பஸ் போயிடுச்சு. நான் ஸ்கூலுக்குப் போனேன். அன்னைக்கு அறிவியல் பீரியடு, பூவோட பாகம் வரைஞ்சோம். சாயந்தரம் வீட்டுல ஆளுக்காள் தேடுறப்ப நான் மூச்சுக் காட்டலை.

சரி, நினைச்சாச்சு. அப்ப அதையும் நினைச்சுத் தொலை. காலையில அம்மா சொன்ன ரெண்டாவது வார்த்தை. நீ ஓடலையேட்டின்னுட்டு, துண்டை அவுத்து முடியைத் தட்டிக்கிட்டே, ஓடி வந்திருந்தா எறங்கியிருப்பேன்னா. பஸ் எடுக்கிற வரைக்கும் உன்னையேதான் பார்த்துக்கிட்டு இருந்தேன், கூப்பிடுவ கூப்பிடுவன்னு, நீ கல்லு மாதிரி நின்ன, சரி, பிள்ளைக்கே வேண்டாம் போலன்னு போயிட்டேன்னா. அப்புறம் இட்லி எத்தனை வெக்கட்டும்னு கேட்டா. இருபத்தொன்பது வருஷம் கழிச்சு. நான் என்னமோ அவளை உக்கார விட்டேன்னு நின்னேன், அவ, நான் கூப்பிடுவேனான்னு உக்காந்திருந்தா. இதுக்கு மேல ஒருத்தி எந்தச் சீனை எழுதுவா. நாலு இட்லின்னேன். தின்னுட்டு, அவ முகத்தைப் பார்க்காம, போயிட்டு வர்றேன்னு செருப்பை மாட்டிக்கிட்டு ஓடி வந்துட்டேன். சொல்லியிருக்கலாம் அப்பவே. நீ வேண்டாம்னு நான் நிக்கலைம்மான்னு ஒரு வார்த்தை. ஊரெல்லாம் பேசுற வாய்க்கு அடுப்படியில பூட்டு விழுந்துடுச்சு. சொல்லணும். சொல்றதுன்னா எங்க சொல்றது, எப்படிச் சொல்றது, எனக்குத் தெரிஞ்ச ஒரே இடம் இந்த மாதிரி ரூம்தான்.

ஹரி கதவைத் திறந்து, வாங்கக்கா, சார் கூப்பிடுறாருன்னான். எழுந்திருச்சேன். காலு மரத்திருந்துச்சு. உள்ள சாரு கால் மேல கால் போட்டு உக்காந்திருந்தாரு, வெள்ளைச் சட்டை, அறுபது இருக்கும், திருச்செந்தூர் பக்கம். "வா தாயி. நம்ம ஊர்ப் பிள்ளைன்னு ஹரி சொன்னான். போனை அணைச்சு வெச்சுட்டேன், சொல்லு" ன்னாரு. ஆரம்பிச்சேன். ஒன்பது தட்டுலயிருந்து ஆரம்பிச்சேன். அப்பா வர்ற இடம் வந்துச்சு. அவரு மில்லுலயிருந்து வந்து கை கழுவிட்டு உக்காருறாரு, சாப்பிடுறாரு, தூங்குறாரு, நல்ல மனுஷன் சார், அம்மா நிக்கிறதை அவரு பார்த்ததே இல்லை சார், அவ்வளவுதான். சாரோட கால் ஆடிக்கிட்டே இருந்துச்சு. குடிக்க வெய், குடிக்க வெய்னு அந்தக் குரல் உள்ளுக்குள்ள நச்சரிக்குது. ஒரே ஒரு கிளாஸ், கால் நின்னுடும். வெக்கலை. நாப்பது நிமிஷம் அந்தக் கால் ஆட ஆடச் சொன்னேன். என் ஜென்மத்துல அப்படிச் சொன்னதில்லை. முதுகுல வேர்வை ஓடுது. பஸ் ஸ்டாண்டு வந்துச்சு. ஹரி ஓரத்து நாற்காலியில நிமிர்ந்து உக்காந்தான். சாரு கண்ணாடியைக் கழட்டி வெச்சாரு, அழ ரெடியாயிட்டாரு பாவம். தூத்துக்குடி பஸ் நிக்குது சார், மூணாவது ஜன்னல்ல அம்மா, மடியில பை. பை மேல கை. சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்துல நான் நிக்கேன். அம்மா என்னைப் பார்க்குறா. டிரைவர் ஏறுறாரு. பஸ் போகுது. நான் அங்கயே நிக்கேன் சார். இன்டர்வல்.

ஹரி என்னைப் பார்த்த பார்வையில, அக்காவுக்கு என்ன பைத்தியமான்னு இருந்துச்சு. சாரு கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கிட்டாரு.

"ஓடுற மாதிரில்லா சொன்னான் இவன்?"

"ஓடலை சார்."

"நான் நிக்கேன், நான் நிக்கேன்னு சொல்லுத. அப்ப அந்தப் பிள்ள நீயா?"

வாய் தவறி வந்திருக்கு. முப்பத்தொரு தடவையும் அது பிள்ளைதான், பிள்ளை பார்க்குது, பிள்ளை ஓடுது. "ஆமா சார்" னேன்.

"ஏன் கூப்பிடல?"

சொன்னேன். அவ உக்காந்திருந்தது எனக்குப் பிடிச்சிருந்துச்சு, கூப்பிட்டா எழுந்திருச்சிருவான்னு சொன்னேன். குரல் உடைஞ்சு போச்சு, எந்தத் தடவையும் உடைஞ்சதில்லை. அவரு கால் என்ன பண்ணுச்சுன்னு நான் பார்க்கலை, பார்க்கத் தோணலை.

"நல்லாருக்கு தாயி" ன்னாரு. "ஆனா உள்ளதச் சொல்லுதேன், மேடம் ஓட்டத்தக் கேட்டுத்தான் சரின்னிருக்காங்க. இந்த நிக்கிறதக் கேட்டா என்ன சொல்லுவாங்களோ தெரியாது. எனக்கே பாதி புரியுது, பாதி புரியல. சரி, அத விடு. ரெண்டாவது பாதி என்ன? போனவ எங்க போனா?"

மடியில இருந்த பைண்டைத் திறந்தேன். எழுபத்தி மூணாம் பக்கம். பஸ்ஸை விட்டு இறங்கின அம்மாவும் பிள்ளையும், குடிகார அப்பாவும், கோர்ட்டும், கிளைமாக்ஸ்ல மன்னிப்பும். ஓட்டம் இல்லைன்னா இதுல ஒரு வரி கூட நிக்காது. எழுபது பக்கமும் போச்சு. மூடினேன்.

"தெரியலை சார். பதினோரு நாள் கழிச்சு தானாவே திரும்பி வந்துட்டாங்க."

"உங்க அம்மாதான?"

"ஆமா சார்."

"இருக்காங்களா?"

"என்கூடத்தான் இருக்காங்க."

"பதினோரு நாள் எங்க போனாங்க, என்ன செஞ்சாங்க, எதுக்குத் திரும்பி வந்தாங்க, கேட்டதில்லையா நீ?"

இல்லைன்னு தலையாட்டினேன். அம்மா திரும்பி வந்த அன்னைக்கு நேரா அடுப்படிக்குப் போய், உப்பு ஜாடியை எங்க வெச்சீங்கன்னு கேட்டா. யாரும் எதுவும் கேக்கலை. கேட்டா திரும்பப் போயிடுவாளோன்னு ஒரு பயம், அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு. எட்டு வருஷமா இதை எழுதுறேன், அவ ஏன் போனான்னு கேட்ட ஒவ்வொருத்தன் கால் நிக்கவும் எதையாவது சேத்திருக்கேன். அவகிட்ட கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை. எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

சாரு எழுந்திருச்சாரு. "வெள்ளிக்கிழம வரைக்கும் நான் மேடத்துக்குப் போன் போடல. ஓட்டத்தோட வந்தேன்னா அன்னைக்கே அட்வான்ஸ், அதுல மாத்தமில்ல. இல்ல, அந்தப் பதினோரு நாளோடதான் வருவேன்னா, வா, கேக்கேன். கேக்கேன்னுதான் சொல்லுதேன், எடுக்கேன்னு சொல்லல."

"ஓட்டத்தோட வர மாட்டேன் சார்" னேன். நிதானமாத்தான் சொன்னேன். ஹரி தலையில கை வெச்சுக்கிட்டான்.

வெளியில வெயில் சுள்ளுன்னு அடிக்குது. மாடிப்படி பாதியில நின்னு போன் போட்டேன். மிக்ஸி ஓடுற சத்தத்தோட எடுத்தா. என்னட்டி, முடிஞ்சுதா, என்ன சொன்னாருன்னா. அம்மா, நீ வேண்டாம்னு நான் நிக்கலைம்மா, நீ உக்காந்திருந்ததைப் பார்த்துக்கிட்டு இருந்தேன், எழுப்ப மனசு வரலைன்னேன். மிக்ஸி நின்னுச்சு. அழுறாளோன்னு காதை அழுத்தி வெச்சுக் கேட்டேன், மூச்சுச் சத்தம்தான் வருது. அந்தப் பதினோரு நாளும் நீ எங்கம்மா இருந்தன்னு கேட்டேன்.

"உங்கப்பா கேக்கல," ன்னா. "அவரு தம்பிமாரு கேக்கல. நீ அம்புட்டுப் பயகிட்டயும் என் கதையச் சொல்லிக்கிட்டு அலைஞ்ச, என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல."

"இப்ப கேக்குறேன்மா."

"வீட்டுக்கு வா, சொல்லுதேன்" னா. "நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது. நடுவுல ஒண்ணும் சேக்கவும் கூடாது."

சரிம்மான்னேன்.